கழுத்துக்காரர் வீட்டு மூக்கு

வேலை முடிந்ததும் கழுத்துக்காரர் லாரியின் பெட்ரோல் மூடியைக் கழற்றி, அந்த மூடியாலேயே குழாயின் விளிம்பில் டங், டங் என்று இரண்டு தட்டு தட்டுவார். ஆனால் குனிந்து பார்க்க மாட்டார். வண்டியை விட்டு ஓரடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சமையலறைக் கதவு திறக்கும். அவர் மனைவி, அப்போதுதான் கழுவிய முகத்தோடு, கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வருவார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேருகிற இடத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தி, அதற்குள் மூக்கை வைத்து நிதானமாக இழுப்பார். "இல்ல" என்பார். அல்லது "இருக்கு" என்பார். புருஷன் முகத்தைப் பார்க்காமலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

"இல்ல" என்றால் பெட்ரோல் கசியவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். "இருக்கு" என்றால் எங்கோ கசிகிறது, வேலையை மறுபடி பிரிக்க வேண்டும். அந்த இரண்டு சொல்லைத் தவிர அந்த அம்மா தன் கணவரிடம் வேறு எதுவும் பேசுவதில்லை. மகள் கல்யாணத்துக்குப் பிறகு பேசியதே இல்லை.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் நேர்கீழே பட்டறை. தெருவில் அவருக்குக் கழுத்துக்காரர் என்று பெயர். டீசலுக்கு மாறாத பழைய லாரிகளில் பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்க் வரைக்கும் வளைந்து இறங்கும் இரும்புக் குழாயைத்தான் அவர் கழுத்து என்பார். பின்சக்கரம் வாரி இறைக்கிற சேறு அதன் முதுகில் அப்பிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். இரும்பு எத்தனை காலம் பொறுக்கும்? துருப்பிடித்து, பொரிந்து, ஓட்டை விழும். அப்புறம் டேங்கை நிரப்பினால் பாதி வண்டிக்கு, பாதி சாலைக்கு. மற்ற பட்டறைகளில் புதுக் குழாய் வாங்கி வா என்பார்கள். அந்த வயசான வண்டிகளுக்குப் புதுக் குழாய் எங்கே கிடைக்கிறது? சுற்றி அலைந்துவிட்டு எல்லோரும் கடைசியில் இவரிடம் வந்து சேருவார்கள். வந்து, முதலில் திட்டு வாங்கிக்கொள்வார்கள்.

திட்டுவதில் மனுஷர் தாராளம். "முன்னாடி கண்ணாடில பட்டுத்துணி தோரணம் கட்டத் தெரியுது, அடியில ஒரு வாளி தண்ணி ஊத்திச் சேத்தைக் கழுவத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்குய்யா லாரி? கழுதை வாங்கிக்க. அது துருப்பிடிக்காது" என்பார். வாங்கிக்கொண்டவர் சிரித்தால் இன்னொரு பங்கு கிடைக்கும். ஒருமுறை நான் பத்திரிகைக்காரன் புத்தியில், துரு வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கிறது, குடும்பத்துச் சண்டை மாதிரி என்று எதையோ எடுத்துவிட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சேறு சார். சக்கரம் அடிக்கிற வெறும் சேறு. அதுல போய் என்னத்த எழுதப் போறீங்க?"

குழாயை இறுக்குகிற கிளிப்புகளை விரல்களில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டுதான் நடமாடுவார். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். சாப்பாட்டுத் தட்டில் மிளகாய்ப் பொடியைக் கொட்டிப் பிசைவார், பார்க்கிற நமக்குக் கண்ணில் நீர் வரும். அவருக்குத் தெரிகிற ருசி காரம் ஒன்றுதான். ஏனென்றால் கழுத்துக்காரரின் மூக்கு செத்துவிட்டது.

ஒரு காலத்தில் அந்த மூக்குதான் பட்டறைக்குப் பெயர்ப்பலகை. தெருவில் போகிற லாரியை நிறுத்தி, "உன் டேங்க் ஒழுகுது, ஓரங்கட்டு" என்பாராம். போட்ட பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவாராம். ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வெளியில் சொன்னால் தொழில் படுத்துவிடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். "என் மூக்கு பெட்ரோல்ல ஊறின மூக்கு. அதை நம்பி உங்களை அனுப்ப மாட்டேன். வீட்டு மூக்குதான் சுத்தமான மூக்கு" என்று அவர் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகவே சொல்ல ஆரம்பித்தார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பொம்பளை மோந்து பார்த்துக் கொடுத்த வண்டி என்று அதற்கொரு மதிப்பு.

எனக்கு இது தெரிந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் அந்த அம்மா கடைக்குப் போயிருந்தார். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, கரிந்து, அந்தப் புகை நாற்றம் மாடிப்படி ஏறி என்னை எழுப்பிவிட்டது. ஓடி இறங்கினால், அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பை அணைத்தேன். அவர் தாளை மடித்தார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றார். அவர் என்னிடம் கெஞ்சிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மூக்கு இல்லாவிட்டால் என்ன, வேறு வழியா இல்லை என்று கேட்பீர்கள். மற்ற பட்டறைகளில் குழாய்க்குள் மெதுவாகக் காற்றடித்து, ஒட்டின இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். அது அவருக்குக் கேவலம். "அது மூக்கு செத்தவன் செய்யிற வேலை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார். சொன்ன வாயால் சோப்பு வாங்க முடியுமா?

மகள் விவகாரம் இப்படி. ஒரு சின்ன லாரி கழுத்து ஓட்டையாகி வந்தது. வண்டிக்காரன் இளவட்டம். வேலை இழுத்துக்கொண்டே போனது. வண்டி தயாராவதற்குள் அவனும் இவர் மகளும் தயாராகிவிட்டார்கள். "கழுத்தைச் சரி பண்ண வந்தவன் என் கழுத்தையே அறுத்துட்டான்" என்று இன்றைக்கும் சொல்வார், இன்றைக்கும் யாரும் சிரிக்க மாட்டார்கள். டிரைவருக்கெல்லாம் பெண் கொடுப்பதில்லை என்றார். பெண் தானே போய்விட்டாள். அன்றைக்குப் பட்டறை நடுவில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "இனிமே அவளா வந்து இந்த வாசப்படி மிதிச்சா, என் பொணத்தத் தாண்டித்தான் மிதிக்கணும்." அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

ஆனால் மூக்கை மட்டும் நிறுத்தவில்லை. மாடிப்படியில் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். "அவர் மேல இருக்கிற கோவத்த வண்டில போறவன் மேல காட்டலாமா தம்பி? நான் போய்ப் பாக்கலன்னா எவனாவது எரிஞ்சு போவான்" என்றார். மகளோடு போனில் பேசுவார். இப்போதெல்லாம் போனிலேயே முகம் தெரிகிறதே என்றேன். "தெரியுது. தொட முடியலயே." நீங்களாவது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றதற்குத்தான் அந்த முகம் கடுகடுவென்று மாறியது. "பெத்த பொண்ணைத் திருடி மாதிரி ஒளிஞ்சு போய்ப் பாக்கணுமா நான்? அவ இங்க வரணும். இது அவ பொறந்த வீடு." பிடிவாதம் அந்த வீட்டில் அப்பாவுக்கு மட்டும் என்று யாராவது நினைத்தால் தப்பு.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அதே சின்ன லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அதே மாப்பிள்ளை. இறங்கி, "மாமா" என்றான்.

"யாருக்கு யாருய்யா மாமா? கஸ்டமரா வந்தியா, கஸ்டமரா நில்லு."

"நீங்க ஒட்டின எடந்தான். மறுபடி விட்டுடுச்சு. ரெண்டு நாளா வண்டி பூரா பெட்ரோல் நாத்தம். வேற எங்க போறதுன்னு தெரியல."

கழுத்துக்காரர் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தார். சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். அவருடைய பழைய பித்தளை ஒட்டு அப்படியே இருந்தது, அதை ஒட்டிய அடுத்த இடம் அப்பளமாகப் பொரிந்திருந்தது. வெளியே வந்து எழுந்தபோது விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "என் ஒட்ட இன்னொருத்தன் பிரிச்சுப் பாத்துச் சிரிக்கிறதுக்கா? நிறுத்திட்டுத் தள்ளி நில்லு" என்றார்.

மாப்பிள்ளை தள்ளி நின்ற இடம் சமையலறை ஜன்னலுக்குப் பக்கம். உள்ளேயிருந்து அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னது மாடிக்குக் கேட்டது. "அவளும் வந்திருக்கா அத்தை. முனையில பஞ்சர் கடைல உக்கார வச்சிருக்கேன். வண்டி ரெடியானதும் ஏத்திக்கிட்டுக் கிளம்பணும்."

"இங்க கூட்டிக்கிட்டு வாயேன்பா."

"அப்பா கூப்பிடாம வர மாட்டாளாம். நான் சொல்லி அவ எப்பக் கேட்டா?"

ஜன்னலில் அந்த அம்மாவின் முகம் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பைத் திரும்ப வாங்கின கை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அது ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது.

கழுத்துக்காரர் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். மனுஷர் எத்தனை கசப்பாகவும் இருக்கட்டும், அன்றைக்கு எதிரிக்குச் செய்கிற வேலையாகச் செய்யவில்லை. டேங்கை வடித்தார். கிளிப்புகளைத் தளர்த்தி, காய்ந்து கல்லாகிவிட்ட ரப்பரைக் கீறி எடுத்து, குழாயைக் கழற்றினார். தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, உள்ளே ஆவி தங்காமல் காற்றில் காய வைத்தார். பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல இரும்பு கண்ணில் படும்வரை துருவை உதிர்த்தார். பொரிந்த துண்டை அறுத்து எறிந்துவிட்டு, அளவெடுத்த புதுத் துண்டை நுழைத்து, சுற்றிலும் பித்தளையை உருக்கி ஓடவிட்டார். அரத்தால் ராவி, சிவப்புப் பெயின்ட் அடித்து, புது ரப்பர் மாட்டி இறுக்கினார். வடித்த பெட்ரோலைத் திரும்ப ஊற்றினார். டங், டங்.

அந்த அம்மா வந்தார். குந்தினார். பொத்தினார். இழுத்தார்.

"இருக்கு."

கழுத்துக்காரரின் புருவம் ஏறியது. கிளிப்பைத் தளர்த்தி, ரப்பரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். டங், டங்.

"இருக்கு."

இந்தத் தடவை அந்த அம்மா நேரே உள்ளே போகவில்லை. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்கு வந்தார். என் ஜன்னலிலிருந்து தெருமுனையை எட்டிப் பார்த்தார். இங்கிருந்து பஞ்சர் கடையின் தகரக் கூரை மட்டும்தான் தெரியும். "இருட்டினா அந்தக் கடையைச் சாத்திடுவாங்க இல்ல தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுக்கு மேல ஒரு பொண்ணு தனியாத் தெருவுல உக்கார முடியாது இல்ல?" முடியாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, துணியை எடுக்காமலே இறங்கிப் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டி நின்றால் மகளும் நிற்பாள். இருட்டும்வரை வண்டி நின்றால் அவள் இங்கேதான் வந்தாக வேண்டும். அந்த வீட்டில் அவர் கையில் இருந்த ஒரே அதிகாரம் அந்த ஒரு சொல்தான், அதைப் பணயம் வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கழுத்துக்காரர் குழாயையே மறுபடி இறக்கினார். டேங்கை வடிப்பது, அலசுவது, காய வைப்பது எல்லாம் முதலிலிருந்து. நல்ல ஒட்டின் மேல் இன்னொரு சுற்று பித்தளை ஓடவிட்டார். நெற்றியில் வியர்வை சிவப்புப் பெயின்ட்டோடு கலந்து வழிந்தது. டங், டங். "இருக்கு" என்று கேட்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கீழே இறங்கிப் போனேன். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்குதான் போச்சுன்னு இருந்தேன். கையும் போயிடுச்சா சார்?"

அவர் கையா, அந்த அம்மாவின் மகளா என்று என்னைத் தராசு பிடிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையை டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினார். குளியலறைக்குப் போய் ஒரு குவளையில் துணி சோப்பைக் கரைத்து எடுத்துவந்தார். தெருப் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார், பழைய திருடன் மாதிரி. மூடியை இறுக்கி, காற்றுப் போகிற சின்னக் குழாயில் கைப்பம்பை மாட்டி இரண்டு அழுத்து அழுத்தினார். ஒட்டைச் சுற்றி, ரப்பரைச் சுற்றி, கிளிப்பைச் சுற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவினார். பார்த்தார். இன்னொரு அழுத்து. ஒரு குமிழ் இல்லை. சோப்புத் தண்ணீர் வழுவழுவென்று இறங்கி மண்ணில் சொட்டியதே தவிர, ஒரு கடுகளவு குமிழ்கூட எழவில்லை. வேலை முதல் தடவையிலேயே கச்சிதமாக இருந்திருக்கிறது.

தலையைத் திருப்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முகத்தில் அப்படி எதுவும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் சோப்பு ஈரத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார், டீ குடித்துவிட்டு வந்தவனிடம்.

"அத்தை இருக்குன்னாங்களே?"

"நான் இல்லங்கிறேன். போய்யா."

வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. லாரி தெருவில் இறங்கி, முனையில் நின்றது. கதவு ஒன்று திறந்து, சாத்திக்கொண்ட சத்தம் பட்டறை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு கியர் மாற்றுகிற சத்தம். நான் திரும்பினேன். சமையலறை வாசலில் அந்த அம்மா, கழுவின முகத்தைத் துடைக்கக்கூட இல்லாமல், நான்காவது தடவை மூடி தட்டுகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கழுத்துக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். மகள் வந்தாலும் உங்களைப் பார்க்கத்தானே வருவாள், ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போனால் குடி முழுகிவிடுமா என்று சற்றுக் காட்டமாகவே கேட்டேன். "வந்தா வந்துட்டுப் போறா சார். நான் என்ன கல்லா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. எனக்குன்னு இருந்தது அந்த மூக்கு ஒண்ணுதான். அதுல போய்ப் பொய்யக் கலந்துட்டா" என்றார். பேசாதவள் எப்படிக் கேட்பாள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

அந்த அம்மாவிடமும் கேட்டேன். பொய் சொன்னேன் என்று அவர் வெட்கப்படவே இல்லை. "இருக்குன்னு சொன்னா எவனும் சாக மாட்டான் தம்பி. இல்லன்னு பொய் சொன்னாத்தான் பாவம். இத்தனை வருஷம் அவருக்கு மூக்கா இருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்காக இருந்தேன். அதைப் போய் சோப்புப் போட்டுச் சோதிச்சாரு." கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் எதையோ கிளறினார். "இனிமே அவர் சோப்பே மோந்து பாக்கட்டும்."

இனிமேல் என்றால் இனிமேல்தான். அன்றிலிருந்து அந்தக் கதவு திறப்பதில்லை. இரண்டு சொல்லும் போய்விட்டது. வாடிக்கையாளர்கள் கேட்டால், வீட்டில் ஜலதோஷம் என்கிறார். ஆளில்லாத நேரத்தில் சோப்புக் குவளை வெளியே வருகிறது. வண்டிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால் அதுவும் வருவதில்லை, நாளைக்கு வா என்று ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.

போன வாரம் ஒரு தண்ணீர் கேன் லாரி. வண்டிக்காரர் அவசரக்காரர், நகரவே இல்லை, நாளைக்கு என்ற பேச்சுக்கும் மசியவில்லை. "அம்மாவக் கூப்பிடுங்க, மோந்து பாத்துட்டாங்கன்னா கிளம்பிடறேன்" என்றார். கழுத்துக்காரர் மூடியை எடுத்தார். டங், டங். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக, டங், டங்.

"நான் வேணா பாக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க மழை தூறினாலே மண்வாசனைன்னு எழுதறவரு. உங்க மூக்கு நமக்கு ஆகாது."

"சோப்பு..." என்று மெல்ல ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டேன். என் மூக்கை என்னாலும்தான் நம்ப முடியவில்லை. பட்டறை முழுக்க எப்போதும் பெட்ரோல் வாடைதான், அதில் எது பழசு, எது புதுசு?

கழுத்துக்காரர் கையிலிருந்த மூடியைக் குழாயில் இறுக்கினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். முழங்கால் சொடக்கு விட்டது. ஒட்டின இடத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தி, கண்ணை மூடி, அந்தச் செத்த மூக்கை உள்ளே வைத்து நிதானமாக, நீளமாக இழுத்தார். அந்த அம்மா செய்வது போலவே. எழுந்தார்.

"இல்ல."

அதே குட்டைச் சொல், அதே தொனி. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்காரர், "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் சாவியைத் திருகப் போகிற நேரத்தில், கழுத்துக்காரர் என் முழங்கையைப் பிடித்துச் சுவர்வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். லாரி உறுமிக் கிளம்பி, தெருவில் இறங்கி, முனை திரும்பும்வரை அந்தப் பிடியை விடவில்லை.